உண்மை சொன்னவரைத் தனியே விடலாமா?

மலைநாட்டில் இடம்பெயர்வு புதிய செய்தியல்ல. கொத்மலை அணைக்காக வயல்கள் நீரில் மூழ்கின. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் வீடு மாறின. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைச்சரிவுகள் பல இடங்களில் வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோயின.

இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. யாருக்குக் காணி, யாருக்கு வீடு, யாருக்கு நட்டஈடு, யாருக்கு உலருணவு என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் தகுதியில்லாத ஒரு பெயர் நுழைந்தால், தகுதியுள்ள ஒரு குடும்பம் வெளியே நிற்கும். அது எப்படி நுழைந்தது என்பதை அறிந்த ஒருவரும் எங்கேனும் இருப்பார். அவர் ஓர் எழுதுவினைஞராகவோ களஞ்சியத்தில் மூட்டை தூக்குபவராகவோ இருக்கலாம். அவர் வாய் திறப்பாரா? திறந்தால் அவருக்கு என்ன நேரும்? அப்போது நமது கடமை என்ன? இவற்றையே இப்பாடத்தில் சிந்திக்கப் போகிறோம்.

எங்கள் பிழை

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், மண்சரிவொன்றுக்குப் பிறகு நிவாரண வேலையில் ஈடுபட்டிருந்தோம். நிவாரணக் களஞ்சியம் ஒன்றில் நாட்சம்பளத்துக்குக் கணக்கு எழுதிய ஓர் இளம்பெண் ஒரு மாலையில் எங்களைத் தேடி வந்தாள். அப்பியாசக் கொப்பியில் இருந்து கிழித்த இரண்டு தாள்கள் அவள் கையில் இருந்தன. குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்ததாகப் பதிவேட்டில் உள்ள அரிசி எவ்வளவு, உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்று முகாம் முகாமாகத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். “எம் பேரு மட்டும் வெளிய வரவேணாம் சாமி” என்றாள்.

நாங்கள் கோபத்தோடு மறுநாளே அதிகாரிகளின் கூட்டத்துக்குப் போனோம். அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள்களை அப்படியே மேசையில் வைத்தோம். அங்கிருந்த ஒருவருக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று அறிய ஒரு நிமிடமும் ஆகவில்லை. அடுத்த மாதம் அரிசி அளவு சரியாகியது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லாமற்போயிற்று. வீட்டு வேலைக்கென்று கொழும்புக்குப் போகும் முன் ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தாள். “இப்ப எல்லாருக்கும் சரியா குடுக்குறாங்களா சாமி?” என்று மட்டும் கேட்டாள். எங்கள்மீது அவள் குறை சொல்லவில்லை. ஆனாலும் குறை எங்களுடையதே. நீதி கேட்கப் போன அவசரத்தில், உண்மையைச் சுமந்து வந்தவளை நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒரு சட்டத்தரணியின் பாதை

இப்படி உண்மையைச் சுமந்து வருபவர்களுக்காக நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறும் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அவர் பெயர் பிரசாந்த் பூஷண். 1956இல் பிறந்தவர். தந்தை சாந்தி பூஷணும் சட்டத்தரணி. 1977 முதல் 1979 வரை இந்தியாவின் சட்ட அமைச்சராகவும் இருந்தவர். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று 1975இல் அலகாபாத் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், எதிர்த்தரப்புக்காக வாதாடியவர் அவரே. நாட்டின் பிரதமரையே கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதை இளம் பிரசாந்த் கண்ணால் கண்டார். பின்னர் அந்த வழக்கைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

சென்னையில் பொறியியல் படிக்கச் சென்று, அதை இடையில் விட்டு, பிறகு சட்டம் படித்தவர் இவர். பெரிய கம்பனிகளுக்கு வாதாடிப் பொருள் சேர்த்திருக்கலாம். ஆனால் தம் காலத்தின் பெரும்பகுதியைப் பொதுநல வழக்குகளுக்கே கொடுத்தார். நீதியரசர் வி. எம். தார்க்குண்டே தொடங்கிய பொதுநல வழக்காடல் மையம் என்ற அமைப்பின் பெயரில் அவர் கொண்டுபோன வழக்குகள் பல. அந்த வழக்குகளை ஒருவர் தம் சொந்தப் பெயரில் கொண்டுபோகாமல் ஓர் அமைப்பு கொண்டுபோயிற்று என்பதை நினைவில் வையுங்கள். இதன் பயனைப் பின்னர் காண்போம்.

நர்மதைக் கரையில்

இடம்பெயர்ந்தோராகிய நமக்கு மிக நெருக்கமான வழக்கு நர்மதை வழக்கு. குஜராத்தில் சர்தார் சரோவர் அணை கட்டப்பட்டபோது, மேலே மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் உழவர்களும் பழங்குடி மக்களும் தங்கள் நிலத்தை இழக்க நேர்ந்தது. உலக வங்கி அனுப்பிய சுயாதீனக் குழு 1992இல் குறைகளை எடுத்துச் சொன்னது. 1993இல் அவ்வங்கியின் கடன் நின்றது. 1994இல் மக்கள் இயக்கம் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. (நமது நாட்டில் உயர் நீதிமன்றம் எதுவோ அதுவே அங்கு உச்ச நீதிமன்றம்.) மக்கள் தரப்பில் நின்ற சட்டத்தரணிகளுள் பிரசாந்த் பூஷணும் ஒருவர்.

சில ஆண்டுகள் அணையின் உயரம் மேலே போகாமல் தடுக்கப்பட்டது. ஆனால் 2000 ஒக்டோபர் 18ஆம் திகதி, மூன்று நீதியரசர்களில் இருவர் அணையைத் தொடர்ந்து கட்ட அனுமதித்தனர். ஒருவர் மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். மக்கள் தோற்றனர். எனினும் மீள்குடியேற்றம் அணையின் உயரத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற நிபந்தனை தீர்ப்பில் இருந்தது.

அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மக்களே. மத்தியப் பிரதேசத்தில் காணிக்குப் பதிலாகத் தவணை முறையில் பணம் கொடுத்து, அதைக்கொண்டு காணி வாங்கச் சொன்னார்கள். காணி வாங்கியதற்கு உறுதிப்பத்திரம் காட்டினால் அடுத்த தவணை வரும். இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைந்தார்கள். இல்லாத காணிக்கும் பிறருடைய காணிக்கும் போலி உறுதிகள் எழுதப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத உழவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். பணம் வேறு கைக்குப் போயிற்று. ஊர்மக்கள் உறுதிகளின் பிரதிகளைச் சேகரித்து, ஒவ்வொரு காணியாகப் போய்ப் பார்த்து, மாநில மேல் நீதிமன்றத்தில் வைத்தனர். 2008இல் அந்நீதிமன்றம் ஒரு முன்னாள் நீதியரசரின் தலைமையில் ஆணைக்குழுவை நியமித்தது. ஏழு ஆண்டுகள் விசாரித்து, 2016இல் அது அறிக்கை தந்தது.

வழக்கில் தோற்றவர்கள் பட்டியலைக் கண்காணிப்பதை நிறுத்தவில்லை. இடம்பெயர்ந்தவரின் பெயரில் நடக்கும் களவை இடம்பெயர்ந்தவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்?

ஒரு கடிதமும் ஒரு மரணமும்

அரசு அலுவலகத்தின் உள்ளே இருந்து உண்மை பேசுபவரின் நிலை இன்னும் கடினமானது. சத்தியேந்திர துபே என்ற இளம் பொறியியலாளர், இந்தியாவின் பெரிய நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்றில் நடந்த முறைகேடுகளை 2002 நவம்பரில் நேரடியாகப் பிரதமருக்கு எழுதினார். தம் பெயரை இரகசியமாக வைக்குமாறும் அக்கடிதத்தில் வேண்டினார். ஆனால் கடிதம் பெயரோடு சேர்ந்தே அலுவலகம் அலுவலகமாகப் போயிற்று. 2003 நவம்பர் 27ஆம் திகதி விடியற்காலையில், பீகாரில் கயா நகரத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக்காரர் செய்த கொலை என்றே புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆயினும் இரகசியமாக வைக்கக் கேட்ட பெயர் ஏன் இரகசியமாக இருக்கவில்லை என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதன்பிறகே 2004இல், முறைகேட்டை வெளிப்படுத்துபவரின் பெயரைக் காக்க ஓர் அரசாணை வந்தது. 2014இல் பாராளுமன்றம் தனிச் சட்டமும் இயற்றியது. ஆனால் பத்து ஆண்டுகள் கடந்தும் அச்சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தவர்கள் யாவரும் கொடியவர்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. களஞ்சியத்துப் பிள்ளையின் தாளை மேசையில் வைத்த எங்களைப் போன்ற கவனமற்றவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

“பெயரைத் தரமாட்டோம்”

இப்போது பிரசாந்த் பூஷணின் வாழ்வில் முக்கியமான ஒரு கட்டத்துக்கு வருவோம். 2008 ஜனவரியில் கையடக்கத் தொலைபேசிக்கான அலைக்கற்றை உரிமங்கள் 122 இந்தியாவில் வழங்கப்பட்டன. 2008இல் கொடுத்த உரிமத்துக்கு 2001ஆம் ஆண்டின் விலையே வாங்கப்பட்டது. விண்ணப்பிக்கும் கடைசித் திகதியும், விண்ணப்பங்கள் வந்த பின்னர், முன்னே நகர்த்தப்பட்டது. பட்டியல் போடும் வேலையில் திகதியை மாற்றினால் யார் உள்ளே வருவார், யார் வெளியே போவார் என்பது நமக்குத் தெரியாததல்ல. பொதுநல வழக்காடல் மையமும் பிறரும் தொடுத்த வழக்கில், 2012 பெப்ரவரி 2ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் இரத்துச் செய்தது.

குற்றவியல் வழக்கு தனியே நடந்தது. அதைப் புலனாய்வு செய்த மத்தியப் புலனாய்வுத் துறையின் தலைவர் வீட்டுக்கு, விசாரிக்கப்படும் தரப்பினர் வந்துபோனதாக ஒரு தகவல் கிடைத்தது. வீட்டு வாயிலில் வைத்திருந்த வருகைப் பதிவேட்டை யாரோ ஒருவர் பிரசாந்த் பூஷணிடம் சேர்த்தார். 2014 செப்டெம்பரில் அது நீதிமன்றத்துக்கு வந்தது. தலைவர் குற்றச்சாட்டை மறுத்தார். அதைத் தந்தவர் யார் என்று முத்திரையிட்ட உறையில் எழுதித் தருமாறு நீதிமன்றம் கேட்டது.

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கேட்கும்போது ஒரு சட்டத்தரணி மறுப்பது எளிதல்ல. மையத்தின் நிருவாகக் குழு கூடி ஆலோசித்து, பெயரைத் தருவதில்லை என்று முடிவு செய்தது. பெயர் வெளியானால் அவரது உயிருக்கே ஆபத்து வரலாம் என்று எடுத்துச் சொன்னது. பதிவேட்டில் உள்ளது உண்மையா என்பதை விசாரித்தே அறியலாம். அதைக் கொண்டுவந்தவர் யார் என்பது அந்த உண்மையைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. 2014 நவம்பர் 20ஆம் திகதி நீதிமன்றம் பெயரைக் கேட்ட தன் கட்டளையை மீளப்பெற்றது. அந்தத் தலைவரை அலைக்கற்றை வழக்கில் இருந்து விலகி நிற்கவும் பணித்தது. பதிவேட்டைத் தந்தவரின் பெயரை அந்த மையம் வெளியிடவேயில்லை.

வழக்கின் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017 டிசெம்பர் 21ஆம் திகதி, முன்னாள் அமைச்சர் ஆ. இராசா உட்படக் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்கெதிரான மேன்முறையீட்டை 2024இல் தில்லி மேல் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. ஒரு முடிவு பிழையானது என்று இரத்தாவது வேறு. ஒருவர் குற்றவாளி என்று நிறுவப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்து யாரையும் கள்வன் என்று கூட்டத்தில் சொல்லிவிடக் கூடாது.

இப்பாதையில் அவருக்கும் அடி விழுந்தது. 2011இல் சொந்த அலுவலக அறையிலேயே தாக்கப்பட்டார். 2020இல் நீதித்துறையை விமர்சித்து எழுதியதற்காக நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். மன்னிப்புக் கேட்க மறுத்ததால் ஒரு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. கட்டாவிட்டால் மூன்று மாதச் சிறை. மூன்று ஆண்டுகள் வழக்காடத் தடை. ஒரு ரூபாயைக் கட்டிவிட்டு மறுபடியும் வேலைக்குப் போனார். 2024 பெப்ரவரி 15ஆம் திகதி, கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதை எதிர்த்து வாதாடியவர்களுள் அவரும் இருந்தார்.

ஏழையின் களஞ்சியத்தில் நடந்ததைச் சொல்பவரின் பெயர் மறைந்திருக்க வேண்டும். அதிகாரத்துக்குப் பணம் கொடுப்பவரின் பெயர் வெளிச்சத்துக்கு வர வேண்டும். இரண்டும் ஒரே நீதிதான்.

நம் நாட்டில்

“அதெல்லாம் இந்தியாவில்” என்று நீங்கள் சொல்லலாம். நம் நாட்டிலும் இவ்வழியில் நடந்தவர்கள் உண்டு. விலை கொடுத்தவர்களும் உண்டு.

2000ஆம் ஆண்டில் எப்பாவலைப் பகுதி விவசாயிகளும் ஒரு பௌத்த பிக்குவும் சேர்ந்து உயர் நீதிமன்றம் சென்றனர். பொஸ்பேற்றுக் கனிமத்துக்காக வெளிநாட்டுக் கம்பனியோடு செய்யவிருந்த ஒப்பந்தம் தங்களை வயலில் இருந்தும் வீட்டில் இருந்தும் அகற்றிவிடும் என்று முறையிட்டனர். நாட்டின் இயற்கை வளம் மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருப்பது என்ற கருத்தை வலியுறுத்தி, நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இடம்பெயர இருந்தவர்கள் இடம்பெயராமல் தடுத்த வழக்கு அது. அதில் ஒருவர் தனியே நிற்கவில்லை; பல பெயர்கள் சேர்ந்து நின்றன.

2008 செப்டெம்பர் 20ஆம் திகதி நீர்கொழும்புப் பகுதியில் ஒரு குடும்பத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பொலிஸார் சிலருக்கு எதிராக இலஞ்சம் பற்றியும் சித்திரவதை பற்றியும் முறைப்பாடு செய்தவர் அவர். மீளப்பெறுமாறு வந்த மிரட்டல்களை அவர் முன்பே அறிவித்திருந்தார். அரசு அவரைக் காக்கத் தவறியது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2011இல் தீர்மானித்தது. அவர் இறந்து ஒரு வாரத்தில், செப்டெம்பர் 27ஆம் திகதி இரவு, சட்டத்தரணி ஜே. சி. வெலியமுனவின் வீட்டின்மீது கைக்குண்டு வீசப்பட்டது. ஊழலுக்கும் சித்திரவதைக்கும் எதிராக வழக்காடி வந்த அவர், அப்போது இலங்கை ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் நிறுவனத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராகவும் இருந்தார். உயிருக்கு ஆபத்து நேரவில்லை. அவரும் தம் வேலையை நிறுத்தவில்லை. 2015இல் ஸ்ரீலங்கன் விமான சேவை பற்றிய விசாரணைக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார்.

அந்நாட்களில் இல்லாத சட்டங்கள் இன்று உள்ளன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில், முறைகேட்டை வெளிப்படுத்துவோரையும் தகவல் தருவோரையும் சாட்சிகளையும் காக்கும் பிரிவுகள் உண்டு. சட்டம் தானாக நடந்துவந்து நம் வாசலில் நிற்காது. அதை நாமே கையில் எடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒருவர் உண்மையோடு வந்தால் முதலில் அவரது பாதுகாப்பைப் பேசுங்கள். யாருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், பெயர் தெரிந்தால் என்ன இழப்பார் என்று கேளுங்கள். அவர் கையெழுத்தில் உள்ள தாளை எங்கும் காட்டாதீர்கள். விடயத்தை வேறு தாளில், வேறு கையால் எழுதுங்கள். அவர் மட்டுமே அறியக்கூடிய சிறு விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள்; அவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

2. கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். திகதி, இடம், அளவு, இருந்தவர்கள் என்று எழுதுங்கள். “எல்லாரும் சொல்கிறார்கள்” என்பது சான்றாகாது. பொய்யென்று தெரிந்தே முறைப்பாடு செய்வது சட்டப்படி குற்றம்.

3. அலுவலகத்துக் கோவையை யாரையும் எடுத்துவரச் சொல்லாதீர்கள். தகவலறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இந்நாட்டுப் பிரசைகளாக இருந்தால், சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். இவ்வழியில், உள்ளே இருப்பவர் காட்டிய உண்மை முன்வாசலால் முத்திரையோடு வெளியே வருகிறது. அவர் பெயர் எங்கும் வராது. களஞ்சியத்துப் பிள்ளை வந்த காலத்தில் இச்சட்டம் இருக்கவில்லை. இன்று அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

4. இலஞ்சம் கேட்கப்பட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1954.

5. அரச அலுவலகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று சட்டம் கூறுகிறது. எனினும் தாமதிக்காமல் சட்டத்தரணியைக் காணுங்கள். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

6. உண்மை சொன்னதால் ஒருவர் வேலை இழந்தால், அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவது ஊரின் பொறுப்பு. சங்கச் சேமிப்பில் இதற்கென ஒரு சிறு தொகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். வேலை போன பிறகு கூட்டம் கூடிப் பேசுவதில் பயன் குறைவு.

கலந்துரையாடலுக்கு

சிறு குழுக்களாக அமர்ந்து இவற்றைப் பேசுங்கள். பெண்களும் இளைஞர்களும் முதலில் பேசட்டும்.

1. நம் ஊரில் கடைசியாக எழுதப்பட்ட நிவாரண அல்லது வீட்டுப் பட்டியலை யார் எழுதினார்கள்? அதை நாம் முழுமையாகக் கண்டிருக்கிறோமா?

2. உண்மை சொன்னதால் துன்பப்பட்ட ஒருவர் நம்மிடையே உண்டா? அன்று நாம் எங்கே நின்றோம்? (பெயர் சொல்லாமல் பேசவும்.)

3. களஞ்சியத்துப் பிள்ளை இன்று நம் சங்கத்துக்கு வந்தால், முதல் நாளில் என்ன செய்வோம்? முதல் வாரத்தில் என்ன செய்வோம்?

4. சங்கத்தின் பெயரில் கேட்க வேண்டிய ஒரு தகவலைத் தெரிவுசெய்யுங்கள். கடிதத்தை இக்கூட்டத்திலேயே எழுதுங்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது, எத்திகதிக்குள் பதில் வர வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.